இருபத்திரண்டாம் அத்தியாயத்துக்குப் பிறகு

ஜூன் 4

அன்புள்ள மருமகளுக்கு,

உன் பார்சல் வந்து இறங்கியபோது வீட்டில் இருந்தவர்கள்: நான், சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்த உன் மாமா, சமையலறைத் தொட்டிக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு படுத்திருந்த குழாய்க்காரர், கையெழுத்து வாங்க வாசலில் நின்ற தபால்காரர். இவ்வளவு பேர்தான். என் மகன் வேலைக்குப் போயிருந்தான். ஆகையால் நீ பயப்பட ஒன்றுமில்லை.

குழாய்க்காரர் தலையை வெளியே நீட்டி, "என்னம்மா, செங்கல்லா?" என்றார்.

"புத்தகம்பா."

"இந்த வயசுல என்ன பரீட்சை?"

பதில் சொன்னால் பேச்சு வளரும், குழாய் ஒழுகும் என்று ஒரு டீயைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மேலே மருமகள் என்று எழுதிவிட்டேன். கோர்ட்டில் எல்லாம் முடிந்த பிறகு அப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், வேறு சொல் வரவில்லை. பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடு.

உன் நிபந்தனை ஞாபகம் இருக்கிறது. படிக்கட்டில் பெட்டியோடு நின்று சொன்னாயே: "அத்தை, புத்தகம் அனுப்புறேன். படிச்சுட்டு என்ன தோணுதோ எழுதுங்க. ஆனா அவரைப் பத்தி ஒரு வரிகூட வேண்டாம்." சரி. புத்தகத்துக்கு வருகிறேன்.

துப்பறியும் நாவலின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டேன். திட்டாதே. வீட்டுக் கணக்கைச் சரிபார்க்கும்போதும் அடியில் இருக்கும் கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போவேன். கொலைகாரன் யார் என்று தெரிந்துகொண்டு படிப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அவன் பக்கத்துக்குப் பக்கம் நல்லவன் மாதிரி சிரித்துப் பேசும்போதெல்லாம், "பேசுடா பேசு, கடைசிப் பக்கம் வரட்டும்" என்று நான் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு குறை. இரவு விஷம் கலந்த கோப்பை மறுநாள் துப்பறிகிறவர் வரும்வரை மேசைமேல் அப்படியே இருக்கிறது. ஏழு பேர் இருக்கிற வீடு, இரண்டு வேலைக்காரிகள் வேறு. ராத்திரிக் கோப்பையை ஒருத்தியும் கழுவவில்லையா? அவர்கள் ஒழுங்காக வேலை செய்திருந்தால் அந்தக் கதையே இல்லை. ஆசிரியர் ஒரு நாளாவது பாத்திரம் தேய்த்தவராகத் தெரியவில்லை.

காதல் நாவல் எனக்குப் பிடிபடவில்லை. இருநூறு பக்கத்தில் அந்தப் பையனும் பெண்ணும் ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை. மழையைப் பார்க்கிறார்கள், ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், மறுபடி மழையைப் பார்க்கிறார்கள். பசிக்காத காதல் எத்தனை நாளைக்கு?

பேய்க்கதைதான் என்னை ஆட்டிவைத்துவிட்டது. பாழடைந்த விடுதியில் ஒவ்வொரு அறைக் கதவாகத் தட்டிக்கொண்டு போகிற அந்தப் பெண்ணைச் சொல்கிறேன். எல்லோரும் ஓடுகிறார்கள், கட்டுகிறார்கள், எரிக்கப் பார்க்கிறார்கள். அவளுக்காக ஒரு ஆள் கைகூப்பவில்லை. மறுநாள் காலைப் பிரார்த்தனையில் நம் வீட்டுப் பெயர்களைச் சொல்லி முடித்த பிறகு, அவளையும் சேர்த்துக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் உன் மாமா பதறிவிட்டார்.

"யாரு செத்தா?"

"நாவல்ல ஒருத்திங்க. அவ ஏற்கெனவே செத்தவ."

"அப்ப டீயைப் போடு."

நீ இருந்தபோது வெங்காயம் நறுக்கிக்கொண்டே இதையெல்லாம் பேசுவோம். இப்போது வெங்காயம் மட்டும்தான். போன வாரம் உன் மாமாவிடம் துப்பறியும் கதையைச் சொல்லத் தொடங்கினேன். "கடைசில யாரு, அதைச் சொல்லு" என்றார். சொன்னேன். திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆகையால் உன் கருத்தை விரிவாக எழுது. நான் அஞ்சாவதோடு நின்று, மீதியை உன் வீட்டுக்காரனின் பள்ளிப் புத்தகங்களைத் திருட்டுத்தனமாகப் படித்துத் தேறியவள். வீட்டுக்காரன் என்றும் எழுதக்கூடாதோ. எழுதிவிட்டேன், விடு.

அன்புடன்,
அத்தை


ஜூன் 17

அன்புள்ள அத்தைக்கு,

அந்தச் சொல் இருக்கட்டும். நானும்தானே அத்தை என்கிறேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நிபந்தனை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. முதலாவது, நான் பயப்படக்கூடாது என்று அவர் வேலைக்குப் போனதை எழுதியது. இரண்டாவது, 'வீட்டுக்காரன்' என்று கை தவறியது. இந்தத் தடவை விட்டுவிட்டேன்.

பேய்க்காகப் பிரார்த்தனை செய்த முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். பஸ்ஸில் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன், பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அவள்மேல் பயம் வரவில்லை. தட்டிவிட்டுக் கதவுக்கு வெளியிலேயே நிற்கிறாள். "என்னம்மா வேணும்" என்று ஒருவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அதைக் கேட்காமலேயே முந்நூறு பக்கம் ஓடிவிட்டது.

காதல் நாவல் விஷயத்தில் நீங்கள் அநியாயம் செய்கிறீர்கள். அவர்கள் சாப்பிட்டிருப்பார்கள், எழுதவில்லை, அவ்வளவுதான். எல்லாவற்றையுமா எழுதுவார்கள்?

என் நாவல் படிப்பு முக்கால்வாசி நான் வேலை செய்கிற சோதனைக்கூடத்தில்தான் நடக்கிறது. ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களை மெஷினில் வைத்துச் சுழலவிட்டால் அது நிற்கும்வரை எனக்கு வேலையில்லை. ஒரு சுற்றுக்கு நாலு பக்கம். சுவாரஸ்யமான இடத்தில் மெஷின் மணி அடித்துவிடும், அன்றைக்கு யார் ரத்தமாக இருந்தாலும் எரிச்சலாக வரும். உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டுக் கூட வேலை செய்கிறவள் கேட்டாள்: "விவாகரத்து ஆன பிறகும் மாமியாரோட லெட்டர் போக்குவரத்தா? என் மாமியாருக்கு நான் உப்பு டப்பா எங்க இருக்குன்னுகூடச் சொல்ல மாட்டேன்." நான் சொன்னேன், "எங்களுக்குள்ள புத்தகக் கொடுக்கல் வாங்கல்." அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அறை பரவாயில்லை. ஒரு ஜன்னல், எதிரே சலவைக்கடை. ஞாயிற்றுக்கிழமை அதுவும் மூடியிருக்கும். அன்றைக்குத்தான் கொஞ்சம் நீளம்.

இத்துடன் இரண்டு புத்தகம். ஒன்று ராஜா காலத்துக் கதை, தலையணைக்கு வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று குடும்ப நாவல். அதை நான் இரண்டு தடவை படித்தேன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எனக்கு உண்மையாகவே தெரியவேண்டும். மழுப்பாமல் எழுதுங்கள்.

அன்புடன்
உங்கள் மருமகள்


ஜூலை 9

அன்புள்ள மருமகளுக்கு,

'உங்கள் மருமகள்' என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து என் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

ராஜா கதையைத் தூக்கி வைத்துப் படித்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. நல்ல கதை, ஆனால் படை கிளம்பும் இடத்தில் நான் ஆசிரியரோடு சண்டைக்குப் போய்விட்டேன். நாற்பதாயிரம் பேர் மலை ஏறி இறங்கிப் பன்னிரண்டு நாள் நடக்கிறார்கள். வாள் பளபளக்கிறது, கொடி பறக்கிறது, குதிரைக்குக்கூடப் புல் கிடைக்கிறது. ஆளுக்கு? நம் வீட்டில் நாலு விருந்தாளி வந்தாலே முந்தின நாளிலிருந்து எனக்குத் தூக்கம் கிடையாது. நாற்பதாயிரம் பேருக்கு யார் உலை வைத்தது? எத்தனை அடுப்பு? விறகு நனைந்தால் என்ன செய்தார்கள்? உலை வைத்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. ஜெயித்தது மட்டும் ராஜாவாம்.

இளவரசி நஞ்சு குடிக்கப்போகும் இடத்தில் புத்தகத்தை மூடிவைத்து அவளுக்காக வேண்டிக்கொண்டேன். திறந்தால் அடுத்த பக்கத்திலேயே பிழைத்துவிட்டாள். என் வேண்டுதல்களில் இப்படி எங்காவது ஒன்று பலிக்கத்தான் செய்கிறது.

குடும்ப நாவலுக்கு வருகிறேன். மழுப்பாதே என்றாயே, மழுப்பவில்லை. எழுத்து அருமை. அந்தக் கணவன் அடிக்கவில்லை, குடிக்கவில்லை, ஏதாவது பிடிக்கவில்லை என்றால் வாரக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்தே அவளை நோகடிக்கிறான். அதை இவ்வளவு சரியாக நான் எங்கும் படித்ததில்லை. ஆனால் இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாளே, அது எனக்குப் பிடிக்கவில்லை. மாமியார் அடுப்படியில் பாலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், இவள் பின்னாலிருந்து "போய்ட்டு வரேன்" என்று ஒரு வார்த்தை, கதவு சாத்துகிற சத்தம், அத்தியாயம் முடிந்தது. இன்னும் ஒரு அத்தியாயமாவது இருந்துவிட்டுப் போயிருக்கலாம். என்ன அவசரம்?

நிறைய எழுத நினைத்தேன். உன் மாமா கண்ணாடியைக் காணவில்லை என்று வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறார். நெற்றிமேல்தான் இருக்கிறது. போய்ச் சொல்லிவிட்டு வந்தால் தபால் நேரம் தாண்டிவிடும்.

அன்புடன்,
அத்தை


ஜூலை 18

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது.

நான் கிளம்பிய அன்று நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. நான் படிக்கட்டில் நின்று புத்தகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததே நீங்கள் ஏதாவது சொல்வீர்களா என்று பார்த்துத்தான். தலையை ஆட்டினீர்கள், அவ்வளவுதான்.

அந்த நாவலை அனுப்பியதும் அதற்குத்தான். உங்கள் பதில் இப்போது கிடைத்துவிட்டது.

என்ன அவசரம் என்று கேட்கிறீர்கள். ஆறு வருஷம் அவசரமா? நீங்கள் பக்கத்து அறையில்தான் இருந்தீர்கள். மேசையில் எனக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்து, "உப்பு வேணுமான்னு அவகிட்ட கேளுங்க" என்று அவர் சொன்னதை என்னிடம் கேட்டவரே நீங்கள்தான். இன்னும் ஒரு அத்தியாயம் இருந்து நான் எதைப் பார்த்திருக்க வேண்டும்?

கோபத்தில் எழுதவில்லை. வேலை அதிகம். கொஞ்ச நாளைக்குப் புத்தகம் அனுப்ப முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


ஆகஸ்ட் 6

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியிலும் அவன் வந்து நிற்கிறான். அது உன் நிபந்தனைக்கு விரோதம். ஏற்கெனவே உன்னைப் புண்படுத்திவிட்டேன், நிபந்தனையையும் மீறினால் நன்றாக இருக்காது. ஆகையால் புத்தகத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீ அனுப்பாததால் தெருமுனை வாடகை நூலகத்துக்கு நானே போனேன். உள்ளே போனது இதுதான் முதல் தடவை. அங்கிருந்தவர், "சமையல் புத்தகம் அந்தப் பக்கம்மா" என்று கையைக் காட்டினார். "அதை நானே எழுதுவேன், நாவல் எங்கப்பா?" என்றேன். வெட்கப்பட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பார்த்தால் விஞ்ஞானக் கதை.

ஒருத்தன் ராக்கெட்டில் தனியாகப் போகிறான். போவதற்குப் பத்து வருஷம், திரும்பி வருவதற்குப் பத்து வருஷம். பேச ஆள் இல்லை. மெஷினிடம் பேசுகிறான். பூமிக்குச் செய்தி அனுப்பினால் போய்ச் சேர ஒரு மாதம், பதில் வர ஒரு மாதம். அதற்குள் இவன் என்ன கேட்டான் என்பதே இவனுக்கு மறந்துவிடுகிறது. மாத்திரையைத் தின்று உயிர் வாழ்கிறான். துணி துவைப்பதைப் பற்றி வழக்கம்போல ஒன்றும் இல்லை.

எல்லோரும் இதை அதிசயமான கற்பனை என்று பின்னட்டையில் புகழ்ந்திருக்கிறார்கள். எனக்கு அதிசயமாகப் படவில்லை. கூடத்துக் கடிகாரம், உன் மாமாவின் குறட்டை, குளிர்பெட்டி உறுமுகிற சத்தம். இவற்றோடு நானும் பத்து நாளாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவனுக்காக வேண்டிக்கொள்ளப் பார்த்தேன். அவ்வளவு உயரத்தில் இருக்கிறவனுக்குப் பிரார்த்தனை இங்கிருந்து ஏறவேண்டுமா, அங்கிருந்து இறங்கவேண்டுமா என்று குழப்பமாகிவிட்டது. பொதுவாக வேண்டிக்கொண்டேன்.

நீ படித்திருந்தால் எழுது. படிக்காவிட்டாலும் எழுது.

அன்புடன்,
அத்தை


செப்டம்பர் 21

அன்புள்ள உனக்கு,

ஆகஸ்டில் எழுதினேன், பதில் இல்லை. தபால்காரர் வீட்டைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்க்காமல் போகப் பழகிவிட்டார். நிபந்தனையை மீறாமல் எழுதினால் கோபம் தணிந்துவிடும் என்று நினைத்தேன். தப்புக் கணக்கு. இன்றைக்கு நிபந்தனையை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதப்போகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப்போட்டாலும் சரி.

அந்தக் குடும்ப நாவலை மறுபடி முழுக்கப் படித்தேன், ஏன் எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை என்று எனக்கே தெரியவேண்டும் என்பதற்காக. இருபத்திரண்டுக்குப் பிறகு இன்னும் பதினாலு அத்தியாயம் இருக்கிறது. அந்தப் பெண் புது ஊருக்குப் போகிறாள், அறை பார்க்கிறாள், வேலை கிடைக்கிறது, தையல் மெஷின் வாங்குகிறாள், கடைசியில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்கென்று ஒரு சட்டை தைத்துப் போட்டுக்கொள்கிறாள். அதைப் படித்து இரண்டு தடவையும் சந்தோஷப்பட்டேன். அவள் கணவன் நடுவில் இரண்டு இடத்தில் வருகிறான். அந்த வீட்டு நாய்கூட ஒரு இடத்தில் வருகிறது, அதற்கு வயதாகிவிட்டதாம், கண் தெரியவில்லையாம்.

அந்த மாமியார் வரவேயில்லை.

பால் பொங்கி வழிந்ததா, அடுப்பை அணைத்தாளா, கதவு சாத்திய பிறகு திரும்பிப் பார்த்தாளா, ஒன்றும் இல்லை. மறுநாள் அவள் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்? மகன் அவளிடமாவது பேசினானா? உயிரோடு இருக்கிறாளா என்றுகூட எழுதவில்லை. நாய்க்கு நாலு வரி, அவளுக்கு ஒன்றும் கிடையாது. பக்கம் பக்கமாகத் தேடினேன். இன்னும் ஒரு அத்தியாயம் வேண்டும் என்று எழுதியது பையை எடுத்துக்கொண்டு போனவளைப் பிடித்து நிறுத்துவதற்காக இல்லை. அடுப்படியில் நின்றவளை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமே என்பதற்காக. அதை எழுதாமல், கண்ணாடி தேடப் போய்விட்டேன்.

நீ ஒரு கேள்வியைப் புத்தகத்துக்குள் வைத்து அனுப்பியிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நாவலைக் கேட்கிறாய் என்று நாவலைச் சொன்னேன். உன்னைக் கேட்டிருந்தால் ஒரே வரிதான். நீ போனது சரி. ஒரு அத்தியாயம் முன்னாலேயே போயிருக்கலாம்.

அன்றைக்குப் படிக்கட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். வாயைத் திறந்தால் "போகாதே" என்று வந்துவிடும். அது வந்துவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். நீ அதை எப்படி எடுத்துக்கொண்டாய் என்று இப்போதுதான் தெரிகிறது.

அவனைப் பற்றியும் ஒரு வரி எழுதிவிடுகிறேன். நீ போன பிறகு அவன் மௌனமெல்லாம் என் பக்கம் திரும்பியது. போன மாதம் ஏதோ சட்டை இஸ்திரி விஷயம், மூன்று வாரம் பேச்சில்லை. தட்டை நகர்த்தி வைத்தால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம், கவிழ்த்தால் போதும் என்று அர்த்தம். இப்போது உப்பு வேண்டுமா என்று கேட்டுச் சொல்ல நடுவில் ஆள் இல்லை. உன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் ஆறு வருஷம் என்றால் எவ்வளவு என்று தெரிகிறது.

செய்தி ஒன்று. அடுத்த மாதம் அவனுக்கு மறுபடி கல்யாணம். நீ வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் நான் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். பெண் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். நல்ல மாதிரியாகத் தெரிகிறது, நிறையப் பேசுகிறாள். அந்தப் பேச்சு இங்கே வந்து என்ன ஆகப்போகிறதோ. அவளையும் காலைப் பிரார்த்தனையில் சேர்த்துவிட்டேன், இளவரசிக்கு அடுத்தபடியாக. அன்றைக்கு வீட்டைப் பார்க்க வந்தவள் என் அலமாரி முன்னால் நின்றுவிட்டாள்.

"இதெல்லாம் யாரு படிக்கிறது?"

"நான்தாம்மா."

"அத்தனையுமா? அடேயப்பா! யாரு வாங்கித் தர்றாங்க?"

உன் மாமா எழுந்து கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். நான் டீ பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை.

அவள் இந்த வீட்டுக்கு வந்ததும் மறுபடி கேட்பாள். எனக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் மறுநாள் காலையில் கைகூப்பி நிற்க முடியாது. உன்னை இன்னார் என்று அவளிடம் சொல்ல உறவுமுறையில் இனி ஒரு சொல்லும் மிச்சமில்லை. ஆகையால், எனக்குப் புத்தகம் அனுப்புகிறவள் என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். ஆனால் நீ அனுப்பி மூன்று மாதத்துக்குமேல் ஆகிறது. அனுப்புகிறவள் என்று சொல்வதா, அனுப்பிக்கொண்டிருந்தவள் என்று சொல்வதா, அதை நீதான் சொல்லவேண்டும்.

கல்யாணம் பதினெட்டாம் தேதி. அதற்குள் எனக்குத் தெரியவேண்டும். நீளமாக எழுத நேரமில்லை என்றால் ஒரு அட்டையில் ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடு.

அன்புடன்,
அத்தை